ஓட்டை இல்லாத கத்திரிக்காய்

கசிமுத்தீன் டாக்டர் கத்திரிக்காய் வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். ஒரு காயை எடுப்பார். காம்பிலிருந்து அடிவரை விரலால் உருட்டுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காயை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார். நல்ல காயைத் தேடுகிறார் மனுஷன் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அவர் தேடுவது ஓட்டையை. புழு துளைத்த ஓட்டை ஒன்று இருந்தால்தான் அந்தக் காய் அவர் பைக்குள் போகும்.

"ஒண்ணுலகூட புழு இல்லையேம்மா," என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில்.

"இல்லதான் டாக்டர் சாப்," என்றாள் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மொர்ஜினா.

"புழுவே வாய் வைக்காத காயில நான் எப்படிம்மா வாய் வைக்கிறது? எத்தனை தடவை விஷம் அடிச்சான் உன் புருஷன்?"

"புழுவுக்குன்னு ஒரு தடவைகூட அடிக்கல."

"நோன்பும் அதுவுமா பொய் சொல்லாதம்மா," என்று சொல்லிவிட்டு, காயைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காச்சிஹாரா சந்தையில் அது எழுதாத சட்டம். வருஷக்கணக்காக எங்கள் பக்கத்து விவசாயிகள் மருந்தை அடி அடியென்று அடித்து, காயைக் கண்ணாடிபோல் மின்ன வைத்துக் கொண்டுவந்தார்கள். வாங்குகிறவர்களும் சும்மா இல்லை, சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். புழு உயிரோடு இருக்கிறது என்றால் மருந்து குறைவு. ஆகவே புழுக்காய்தான் நல்ல காய். விற்கிறவனும் விவரமாகிவிட்டான். கூடையின் மேலே பார்வைக்கு இரண்டு புழுக்காய், அடியில் பூராவும் மின்னுகிற காய். இப்படி ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். மொர்ஜினாவின் கூடைதான் இதில் எங்கேயும் சேரவில்லை. அதில் மருந்தும் இல்லை, புழுவும் இல்லை.

பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த லெபு மியா அவளுடைய சித்தப்பா மகன். நோன்பு மாதம் வந்துவிட்டால் அவன் கடைதான் சந்தைக்கே நடுநாயகம். கத்திரிக்காயை நீளவாக்கில் சீவி, கடலைமாவில் முக்கிப் பொரித்தெடுக்கிற பேகுனி இல்லாமல் எங்கள் ஊரில் நோன்பு திறப்பு கிடையாது.

"அக்கா, நீ பேசாம நாலு புழுவைப் புடிச்சு வந்து காய்மேல உக்கார வை," என்றான் லெபு. "சம்பளம் கேக்காது."

"நீ ஒருத்தன்தான் பாக்கி, நீயும் கிண்டல் பண்ணு."

"பின்ன என்ன? நேத்து ஒருத்தன் வந்து, இப்படி மின்னுற காயைத் தின்னா பிள்ளை பொறக்காதாமேன்னு கேக்குறான். எனக்கு ஏற்கெனவே ஆறு. இதை முன்னாடியே கொண்டு வந்திருக்கக் கூடாதா நீ?"

மொர்ஜினாவுக்குச் சிரிப்பு வந்தாலும் கண் விற்காத கூடைமேலேயே இருந்தது. பெருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் இந்தக் காய் விற்றாக வேண்டும். விற்காவிட்டால் அவள் புருஷன் மறுபடி முதுகில் மருந்து மிஷினைக் கட்டுவான்.

போன வருஷம் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். அவள் புருஷன் சுருஜ் மியா ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து மிஷினை முதுகில் கட்டிக்கொண்டு வயலில் இறங்குகிறவன். முகத்துக்குத் துணி கட்டமாட்டான், மூச்சு முட்டுகிறதாம். கைக்கு உறை போடமாட்டான், பீடி பிடிக்க வரவில்லையாம். புழுவும் லேசுப்பட்டதில்லை. காய்க்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் மேலே என்ன அடித்தாலும் அதற்குக் குளியல்தான். ஒரு காலையில் பாத்தி நடுவே அப்படியே சரிந்துவிட்டான் மனுஷன். வாயில் நுரை. மிஷின் முதுகோடு கிடக்க, கவிழ்ந்த ஆமைபோல் கிடந்தவனை மொர்ஜினா எப்படித்தான் தூக்கினாளோ. அவன் இவளைப்போல் ஒன்றரை ஆள். வரப்பு வரைக்கும் தூக்கிவந்து, மூன்று சக்கர வண்டியில் போட்டு, ஜமால்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உயிர் பிழைத்தான். ஆனால் கைகளில் பழைய பலம் திரும்பவில்லை. தண்ணீர்க்குடத்தைத் தூக்கினாலே நடுங்கும்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே, "மிஷின் எங்க?" என்று கேட்டான். அன்று மொர்ஜினா போட்ட சத்தத்தில் பிரம்மபுத்திராவின் அக்கரைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வேளாண்மை ஆபீஸ் லிப்பி அக்கா புது விதையோடு வந்தாள். புழு தானாகவே செத்துவிடும், அப்படி ஒரு குணத்தை விதைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்றாள். எங்கள் மொழியில் கத்திரிக்காய்க்குப் பெயரே பேகுன். 'பே' என்றால் இல்லாதது, 'குன்' என்றால் குணம். சுருஜ் விடுவானா?

"குணமே இல்லாததுன்னு பேர் வெச்சிருக்கோம். அதுக்குப் போய்க் குணம் ஏத்தினீங்களா?"

"ஏத்திட்டோம் அண்ணே," என்றாள் லிப்பி. "மண்ணுல இருக்கிற ஒரு கண்ணுக்குத் தெரியாத உயிர்கிட்ட இருந்து எடுத்தது."

"புழு தின்னா சாவும். சரி. மனுஷன் தின்னா?"

"புழு வயிறு வேற, நம்ம வயிறு வேற. அதுக்கு விஷமா இருக்கிறது நம்ம வயித்துல சும்மா செரிச்சுப் போயிடும். சோதிச்சுப் பாத்துத்தான் குடுக்கிறாங்க. ஆனா எல்லாமே தெரிஞ்சு முடிஞ்சுபோச்சுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒண்ணு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். நீங்க இப்ப அடிக்கிற மருந்து என்ன பண்ணும்னு."

லிப்பி அதோடு நிறுத்தியிருக்கலாம். "வயலைச் சுத்தி ஒரு வரிசை பழைய ரகம் நடணும் அண்ணே. அது புழுவுக்கு," என்றுவிட்டாள்.

"என்னது? புழுவுக்கா?"

"எல்லாப் புழுவும் புதுக் காயையே தின்னா, சாகாம தப்பிக்கிற ஒண்ணு ரெண்டு மட்டும் தங்களுக்குள்ள பெருகிடும். அப்புறம் இந்த விதையும் வேலைக்கு ஆகாது. ஓரத்துல சாதாரணப் புழுவும் வாழணும்."

சுருஜ் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "பியூட்டி அம்மா, கேட்டியா? மருமகனுக்கு விருந்து வைக்கிற மாதிரி புழுவுக்கு வயல் போடணுமாம்." பியூட்டி என்பது கல்யாணமாகிப்போன மகள். அவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது அவள் பெயரை வைத்துத்தான்.

கடைசியில் மொர்ஜினாவின் பிடிவாதம்தான் ஜெயித்தது. சுருஜ் ஒரு நிபந்தனை போட்டான்.

"பெருநாளுக்குள்ள இந்தக் காய் சந்தையில வித்துச்சுன்னா மிஷினைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுறேன். விக்கலன்னா அடுத்த நடவுக்குப் பழைய விதை, பழைய மருந்து. நீ அப்ப வாயைத் திறக்கக் கூடாது. சந்தைக்கும் நான் போகமாட்டேன், நீயே வித்துக்கோ."

அதனால்தான் எங்கள் சந்தையில் பொம்பளைகள் கடை போடாத வழக்கத்தையும் மீறி, மொர்ஜினா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு லெபு மியாவின் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காய் என்னவோ கொள்ளையாய்க் காய்த்தது. புழு ஒன்றுகூட இல்லை. இடையில் வெள்ளை ஈ வந்தது. அதற்குப் புது விதை பதில் சொல்லவில்லை. சோப்புத் தண்ணீர் கரைத்து இவளே தெளித்தாள். மற்றபடி வயலில் மருந்து வாடையே கிடையாது. அவள் தினமும் அந்தக் காயைத்தான் பொரித்துத் தின்றாள். சுருஜ் மட்டும் தொடமாட்டான். அவனுக்கு மீன் குழம்பு தனி. அவள் சாப்பிடும்போது வாசற்படியில் உட்கார்ந்து, சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். பாவி மனுஷன், வாயில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை, இப்படி முறைக்காமலாவது இருக்கக் கூடாதா என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சந்தையில் அவளிடம் எது விற்றது தெரியுமா? ஓர வரிசைக் காய். புழுவுக்கென்று நட்டது. அதைத் தனிக் கூடையில் கடமைக்குக் கொண்டுவந்து வைப்பாள். டாக்டர் வருவதற்கு முன்பே வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு போனார்கள். மகாராணிபோல் மினுமினுவென்று உட்கார்ந்திருந்த புதுக் காய் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

"விருந்தாளி தின்ன எச்சில்தான் வித்துச்சா?" என்று சுருஜ் கேட்டான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்திருந்தால்கூட மொர்ஜினா பொறுத்திருப்பாள். இல்லை. மாட்டுக்கொட்டகை மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்த மிஷினை அவன் திரும்பிப் பார்த்தான். அவள் போய்ச் சாக்கை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவள் முற்றத்தில் காந்தா தைத்துக்கொண்டிருந்தாள். பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையலால் பூவும் கொடியுமாக நிரப்புகிற கெட்டிப் போர்வை. எங்கள் ஜமால்பூர் பொம்பளைகளுக்கு அது மூச்சுவிடுவதுபோல். கண்ணை மூடிக்கொண்டும் தைப்பார்கள். பக்கத்தில் அடுத்த சந்தைக்குப் பறித்த காய்க்கூடை. கையில் போர்வைக்குத் தைக்கிற தடித்த ஊசி. சைத்தானை நோன்பு மாதத்தில் கட்டிப்போட்டிருப்பார்கள் என்பார்கள். அன்றைக்கு யாரோ அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும்.

ஒரு காயை எடுத்தாள். குத்தினாள். ஊசியை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஓட்டையின் விளிம்பு தானாகப் பழுப்பேறி, சாட்சாத் புழு போட்ட ஓட்டைபோலவே ஆகிவிட்டது.

"அல்லா மன்னிக்கணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

அந்தச் சந்தையில் கூடை காலி. கசிமுத்தீன் டாக்டரே பை நிறைய அள்ளிக்கொண்டு, "இப்பத்தான்மா உன் காயில நேர்மை தெரியுது," என்று வேறு பாராட்டிவிட்டுப் போனார். மொர்ஜினாவுக்கு மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. ஆனால் வெறுங்கூடையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது சுருஜின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கூடையைக் கவிழ்த்துப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போய்ப் பீடியைத் தேடினான். நோன்பு ஞாபகம் வந்து திரும்பி வந்து உட்கார்ந்தான். அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. அடுத்த சந்தையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

கேடு வந்தது பேச்சினால். பெருநாளுக்கு இன்னும் இரண்டு சந்தை இருக்கையில், வரப்போகும் சந்தைக்குக் காய் குத்திக்கொண்டிருந்தபோது பியூட்டி போன் பண்ணினாள். மாமியார் கதை, நாத்தனார் கதை, பெருநாள் சேலைக் கதை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. போன் தோளில், காய் மடியில், ஊசி கையில். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. இத்தனை வருஷமாக என்ன செய்து பழகியதோ அதையே செய்தது.

சந்தையில் டாக்டர் வழக்கம்போல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு காயை உருட்டினார். உருட்டியவர் நின்றார். மறுபடி உருட்டினார்.

"லெபு, இங்க வா. இதைப் பாரு."

லெபு கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தான். காயின் வயிற்றில் ஓட்டைகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வரிசையாக ஓடின. ஓடி, வளைந்து, மேலே சுழித்து, அழகான ஒரு மாங்காயாக முடிந்திருந்தன. காந்தாவின் மூலையில் போடுகிற அதே மாங்காய். நடுவில் ஒரு பொட்டுகூட இருந்தது.

"டாக்டர் சாப்," என்றான் லெபு நிதானமாக, "இந்தப் புழு கைவேலை படிச்சிருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மொர்ஜினாவும் அந்த நொடியில் சிரிப்போடு சிரிப்பாக உண்மையைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். வாய் வரவில்லை. அதற்குள் கூட்டத்தில் ஒருத்தன், "இது ஊசிக் குத்து. காய்க்குள்ள ஏதோ மருந்து ஏத்தியிருக்கா," என்றான்.

அவ்வளவுதான். தர்பூசணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள், மீனுக்குப் பவுடர் ஏற்றுகிறார்கள் என்று ஏற்கெனவே பயந்து கிடக்கிற ஜனம். போன சந்தையில் வாங்கிய ஒருத்திக்கு அன்றிரவு வயிறு வலித்தது ஞாபகம் வந்தது. இன்னொருத்தனுக்குத் தலை சுற்றியதாம். கூட்டம் நெருங்கியது. லெபு கரண்டியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, மறுகையால் சுருஜுக்குப் போன் போட்டான்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் டாக்டர். "ஏம்மா, நீயே சொல்லு. என்ன ஏத்தின?"

மொர்ஜினா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"ஒண்ணும் ஏத்தல டாக்டர் சாப். ஓட்டைதான் போட்டேன். இது ஆபீஸ்ல குடுத்த புது விதை. இதுல புழு வராது. மருந்து அடிக்கலன்னு சொன்னேன், நீங்க நம்பல. புழு இருந்தாத்தான் வாங்குவேன்னீங்க. புழுவுக்கு நான் எங்க போவேன்? அதான் ஊசியால குத்தினேன்."

"அந்தப் புது ரகமா? அதை ஏம்மா சொல்லல?"

"சொன்னா வாங்குவீங்களா?"

"வாங்குவேன், வாங்காமப் போவேன். அது என் இஷ்டம்," என்றார் டாக்டர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தாழ்ந்துவிடும். "என் வயித்துக்குள்ள என்ன போகுதுன்னு எனக்குத் தெரியணுமா வேண்டாமா? நீ நல்ல காயைத்தான் குடுத்தேன்னே வெச்சுக்கோ. என்னைக் கேக்காம குடுத்த பாரு, அது தப்பு."

மொர்ஜினாவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்று அவளுக்கே தெரிந்தது. "தப்புதான்," என்றாள்.

இதற்குள் சுருஜ் மியா சைக்கிளைப் போட்டது போட்டபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டான். பெண்டாட்டியை யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்து வந்தவன், அவள் முழுசாக நிற்பதைப் பார்த்து மூச்சு விட்டான். லெபு அவன் கையில் மாங்காய் போட்ட காயைக் கொடுத்து நடந்ததைச் சொன்னான். சுருஜ் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது இவ கைதான்," என்றான். "என் போர்வையிலயும் இதே மாங்காய்தான் இருக்கு."

"சுருஜ், உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்," என்றார் டாக்டர். "உன் வயல் காயை நீ தின்னிருக்கியா?"

மொர்ஜினா அவனைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்தான், ஆனாலும் சொல்லக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"இல்ல டாக்டர் சாப்," என்றான் சுருஜ். "பழைய காயையும் நான் தின்னதில்ல. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், அடிச்சவன் நான். இதையும் தின்னதில்ல. இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

கூட்டத்தில் சலசலப்பு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள் மொர்ஜினா. பந்தயம் போச்சு. நடவு வரும், அந்த மிஷின் வரும், இவன் மறுபடி பாத்தி நடுவே கிடப்பான். அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் தினமும் இதைத்தான் தின்னுறேன். கண்ணு முன்னாடி வேணும்னாலும் தின்னுறேன். பச்சையாவே. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க. எத்தனை ஓட்டை இருந்தாலும் சரி."

"நோன்பு," என்று ஞாபகப்படுத்தினான் லெபு.

"பள்ளிவாசல்ல பாங்கு சொல்லட்டும். அதுவரைக்கும் நான் எங்கயும் போகல."

டாக்டர் யோசித்துவிட்டு மாங்காய் போட்ட காயையே அவள் கையில் வைத்தார். இருக்கிறதிலேயே அதிக ஓட்டை அதில்தான். அப்புறம் என்ன, சந்தையே உட்கார்ந்துவிட்டது. எப்படியும் பாங்குக்குக் காத்திருக்கிற நேரம்தான். பொரியும் கடலையும் சர்பத்துமாக ஆளாளுக்கு முன்னால் தட்டு. ஆனால் யார் கண்ணும் தட்டில் இல்லை. பேரீச்சம்பழம் இருக்கும்போது பச்சைக் கத்திரிக்காயால் நோன்பு திறக்கப்போகிற பெண்ணை எங்கள் சந்தை அதுவரைக்கும் பார்த்ததில்லை. சுருஜ் அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் உதடு ஓதிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்கிற துஆதானா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை.

பாங்கு ஒலித்தது. மொர்ஜினா பிஸ்மில்லா சொல்லிக் காயை வாய்க்குக் கொண்டுபோனாள். பல் படுவதற்குள் காய் கையில் இல்லை.

சுருஜ் அதைப் பிடுங்கி ஒரே கடியில் பாதியைக் கடித்துவிட்டான். கடித்தவன் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. பச்சைக் கத்திரிக்காய் தின்றவர்களுக்குத் தெரியும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மென்றான். மாங்காயின் பாதி உள்ளே போனது, பொட்டும் போனது. மறு பாதியையும் வாயில் திணித்துக்கொண்டான். சந்தையில் ஒருவரும் சாப்பிடவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"கேவலமா இருக்கு," என்றான் சுருஜ், வாய் நிறைய வைத்துக்கொண்டு. "உப்பு இருக்கா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் தன் தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து மொர்ஜினாவிடம் நீட்டினார். அவள் இன்னும் நோன்பு திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"நான் இன்னைக்கு வாங்கமாட்டேன்மா," என்றார் அவர். "அடுத்த சந்தைக்கு ஒரு அட்டையில புது ரகம்னு பெருசா எழுதி வை. இவனும் தன் காலால நடந்து வரட்டும். அப்ப வாங்குறேன்."

"ஓட்டையோடவா, இல்லாமலா?" என்று கேட்டான் லெபு.

"வாயை மூடிக்கிட்டுப் பேகுனியைப் போடு."

லெபு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "இந்த அடுப்பு புது ரகம். வேணாம்னா அந்தப் பக்கம் போங்க," என்று சொல்லிவிட்டு, மொர்ஜினாவின் கூடையிலிருந்தே காயைச் சீவிப் போட ஆரம்பித்தான். பாதிப்பேர் அந்தப் பக்கம் போனார்கள். பாதிப்பேர் போகவில்லை. பெருநாளுக்கு இன்னும் ஒரு சந்தை இருந்தது; எல்லாக் காயும் விற்றுத் தீர்ந்துவிடும் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது, விற்காது என்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்குப் போகும்போது சுருஜ் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தான். கூடை பின்னால் கட்டியிருந்தது. மொர்ஜினா ஒவ்வொரு பத்தடிக்கும் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"தலை சுத்துதா?"

"இல்ல."

"வயிறு?"

"கசக்குது. நீ வேற தொணதொணன்னு கேக்காத."

கொஞ்ச தூரம் போனதும் அவளால் பொறுக்க முடியவில்லை.

"நம்பிக்கை இல்லாத காயை எதுக்குப் புடுங்கித் தின்னீங்க? நான்தான் தினமும் தின்னுறேனே, எனக்கு என்ன ஆயிடுச்சு?"

"தினமும்தான் தின்ன," என்றான் சுருஜ். "நீ எப்ப விழுவியோன்னு நானும் தினமும்தான் வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு வாய் எனக்குச் சோறு இறங்கல." சைக்கிளை மேட்டில் ஏற்றுவதற்குத் திணறினான், அவளும் பின்னால் கை கொடுத்தாள். "நான் விழுந்தா நீ தூக்கிடுவ. தூக்கினவதானே. நீ விழுந்தா உன்னைத் தூக்க என் கையில பலம் இல்ல, பியூட்டி அம்மா."

மொர்ஜினா முக்காட்டு முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷனை எத்தனை நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறாள். அதை நினைத்து அழுகை வந்தது. அதற்கு நடுவே, பச்சைக் கத்திரிக்காயை மென்ற அந்த முகம் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கமுடியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நின்னுட்டா எப்படி, தள்ளு," என்றான் சுருஜ். மேடு ஏறியதும், வயல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவனாகவே சொன்னான்: "நடுப் பாத்தியில நல்ல செடியா ரெண்டைப் பாத்து வை. அதுல காயைப் பறிக்காத. பழுக்கட்டும், அடுத்த நடவுக்கு விதை வேணுமில்ல."